காலநிலை முன்பும் மாறியிருக்கிறதே, இம்முறை மனிதரே காரணம் என்பதற்கு என்ன சான்று?

மனிதர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பூமியின் காலநிலை மாறி வந்திருக்கிறது. பனியுகங்கள் வந்தும் போயும் இருக்கின்றன. அப்படியிருக்க இப்போதைய வெப்ப உயர்வுக்கு மட்டும் மனிதரைக் காரணம் காட்டுவது எப்படிச் சரியாகும், அதற்கு அசைக்க முடியாத சான்று உண்டா, உண்டென்றால் விளைவுகள் எதுவரை போகும் என்பதே கேள்வி. நேர்மையான கேள்வி இது. இதைக் கேட்பவரை அறியாதவர் என்று ஒதுக்குவது தவறு. காலநிலை எப்போதும் காரணமின்றி மாறியதில்லை என்பதிலிருந்துதான் விடையைத் தொடங்க வேண்டும். சூரியன், பூமியின் சுற்றுப்பாதை, எரிமலை, காற்றிலுள்ள வாயுக்கள் என ஒவ்வொரு காரணமும் தனக்கே உரிய தடயத்தை விட்டுச் செல்கிறது. அந்தத் தடயங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியும் என்பதால்தான் அறிவியலாளர்கள் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்கள்.

முதலில் அடிப்படை இயற்பியல். சூரிய ஒளி தரையையும் கடலையும் சூடாக்குகிறது. அவை அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வான்வெளிக்குத் திருப்பி அனுப்புகின்றன. உலர்ந்த காற்றில் 99 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்தக் கதிர்களைத் தடுப்பதில்லை. மிகச் சிறிய அளவில் இருக்கும் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்றவையே அவற்றை உறிஞ்சி, ஒரு பகுதியை மீண்டும் கீழ்நோக்கி உமிழ்கின்றன. இந்தப் பசுமைஇல்ல விளைவு இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸாக இருப்பதற்குப் பதிலாக மைனஸ் 18 டிகிரி அளவில் இருந்திருக்கும். உயிர் வாழ்வதற்கே தேவையான இந்த விளைவின் அளவை நாம் கூட்டிக்கொண்டே போகிறோம் என்பதுதான் சிக்கல்.

இது அண்மையில் முளைத்த கருத்து என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த யூனிஸ் ஃபூட், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய் மற்றவற்றைவிட அதிகம் சூடானதையும், ஆறுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டதையும் 1856-இலேயே பதிவு செய்தார். 1859-இல் ஜான் டிண்டல் இதை இன்னும் துல்லியமாக அளந்தார். கண்ணாடி வெப்பக் கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால், பித்தளைக் குழாயொன்றின் இரு முனைகளையும் மெருகேற்றிய பாறை உப்புத் தகடுகளால் மூடி, ஒரு பக்கத்திலிருந்து வெப்பத்தைச் செலுத்தி, மறுபக்கம் வந்து சேர்வது எவ்வளவு என்று மின்னோட்டமானியின் முள் அசைவைக்கொண்டு அவர் கணக்கிட்டார். குழாயில் நைட்ரஜனோ ஆக்சிஜனோ இருந்தபோது முள் ஏறக்குறைய அசையவே இல்லை; நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் புகுந்தபோது அது தெளிவாக நகர்ந்தது. 1896-இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ், காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருமடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்கிட்டுப் பார்த்துவிட்டார். அரசியல் இதற்குள் நுழைவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இயற்பியல் முடிவாகிவிட்டது.

காற்றில் அந்த வாயு உண்மையிலேயே கூடுகிறதா என்பதை நேரடியாக அளக்கத் தொடங்கியவர் சார்லஸ் டேவிட் கீலிங். நகரப் புகையும் காட்டின் மூச்சும் குழப்பாத இடம் வேண்டும் என்பதற்காக, ஹவாயின் மௌனா லோவா மலைமீது சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் 1958-இல் அவருடைய கருவி நிறுவப்பட்டது. அப்போது காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளாக இருந்தன. 2024-இன் ஆண்டுச் சராசரி சுமார் 424. தொழிற்புரட்சிக்கு முன் அது ஏறக்குறைய 280. கீலிங் வரைந்த கோடு நேராக ஏறவில்லை; ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சம் தொட்டு, செப்டம்பர் இறுதிவாக்கில் இறங்கி, மறுபடியும் ஏறுகிறது. வட அரைக்கோளத்தின் செடிகொடிகள் கோடையில் வாயுவை உள்ளிழுத்துக்கொண்டு, இலையுதிர்ந்து மக்கும்போது வெளிவிடுவதே இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம். இவ்வளவு நுட்பமான பருவ அசைவையே பிடித்துக்காட்டும் அளவீடு, காலப்போக்கில் உச்சமும் தாழ்வும் சேர்ந்தே உயர்ந்துவருவதையும் தெளிவாகக் காட்டியிருக்கிறது.

கூடியது சரி, அது நம்முடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? எரிமலையாகவோ கடலாகவோ இருக்கக்கூடாதா? சான்றுகளில் எனக்கு மிகவும் வலுவானதாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். கார்பன் அணுக்களில் மூன்று வகைகள் உண்டு. அவற்றில் கார்பன்-14 கதிரியக்கம் உடையது. 5,730 ஆண்டுகளில் பாதியாகச் சிதைந்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது மிச்சமே இருக்காது. அவற்றை எரித்து வரும் வாயு காற்றில் கலக்கக் கலக்க, காற்றிலுள்ள கார்பன்-14-இன் பங்கு நீர்த்துப் போகவேண்டும். மர வளையங்களை ஆராய்ந்த ஹான்ஸ் சூஸ் 1950-களிலேயே இந்த நீர்த்தலைக் கண்டுவிட்டார். எரிமலை வாயுவிலும் கார்பன்-14 இல்லையே என்று ஒருவர் வாதிடலாம். அதற்குத்தான் கார்பன்-13 இருக்கிறது. ஒளிச்சேர்க்கையின்போது தாவரங்கள் இலேசான கார்பன்-12-ஐயே கூடுதலாக எடுத்துக்கொள்வதால், தாவரங்களிலிருந்து உருவான எரிபொருள்களில் கார்பன்-13 குறைவாக இருக்கும். எரிமலை வாயுவில் அப்படியில்லை. காற்றில் கார்பன்-13-இன் விகிதமும் தொடர்ந்து குறைந்து வருகிறது.

மூன்றாவது தடயம் ஆக்சிஜன். எரிதல் என்றாலே ஆக்சிஜன் செலவாக வேண்டும். எரிமலை கக்கினாலும் கடல் வெளிவிட்டாலும் அப்படிச் செலவாகாது. சார்லஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் 1980-களின் இறுதியிலிருந்து எடுத்துவரும் நுண்ணிய அளவீடுகள், காற்றின் ஆக்சிஜன் மிக மெல்லக் குறைந்துவருவதைக் காட்டுகின்றன. மூச்சுவிடுவதற்கு அதனால் எந்தக் குறையும் நேராது. ஆனால் அந்தக் குறைவு, எரிபொருள் பயன்பாட்டுக் கணக்கு எதிர்பார்க்கும் அளவோடு பொருந்துகிறது. கடலைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. கடல்நீரில் கரைந்துள்ள கார்பன் குறையாமல் கூடிக்கொண்டே போகிறது. எரிமலைகள் ஓர் ஆண்டில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடோ மனிதர் வெளியிடுவதில் நூறில் ஒரு பங்கு அளவைக்கூட எட்டுவதில்லை. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் உற்பத்தி ஆகியவற்றால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியாகிறது. காடுகளை அழிப்பது அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு அளவைக் கூட்டுகிறது. இதில் பாதிக்குச் சற்றுக் குறைவானதே காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் நிலத்துத் தாவரங்களும் ஏற்றுக்கொள்கின்றன. கால்நடை வளர்ப்பு, நெல் வயல்கள், எரிவாயுக் கசிவு, குப்பைக் கிடங்குகள் ஆகியவற்றிலிருந்து எழும் மீத்தேன், தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலாகியிருக்கிறது.

வாயு கூடியதாலேயே வெப்பம் கூடியது என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். சூரியனை முதலில் பார்ப்போம். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை வளிமண்டலத்துக்கு வெளியே நின்று அளந்து வருகின்றன. பதினோர் ஆண்டுச் சுழற்சியில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்குகிறதே தவிர, இக்காலம் முழுவதிலும் மேல்நோக்கிய போக்கு எதுவும் தெரியவில்லை. பனியுகங்களைத் தொடங்கி முடித்துவைத்த சுற்றுப்பாதை மாற்றங்கள் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் நிகழ்பவை. அவற்றின்படி வட அரைக்கோளத்துக்குக் கோடையில் கிடைக்கும் வெயில் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாக மெதுவாகக் குறைந்துதான் வந்திருக்கிறது.

இவற்றைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. சூரியனே காரணமாக இருந்தால், தரையை ஒட்டிய காற்றும் அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். பசுமைஇல்ல வாயுக்கள் காரணமென்றால் கீழடுக்கு சூடாகி மேலடுக்கு குளிர வேண்டும். கம்பளி போர்த்தியவரின் உடல் கதகதப்பாகும்போது கம்பளியின் வெளிப்புறம் குளிர்ந்தே இருப்பதுபோல. சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967-இல் தங்கள் கணக்கீட்டில் இதை முன்கூட்டியே சொன்னார்கள். அப்போது இதைச் சரிபார்க்கப் போதிய தரவுகள் கிடையாது. பிறகு வந்த பலூன் அளவீடுகளும் செயற்கைக்கோள்களும் அதையே காட்டின: கீழே வெப்பம், மேலே குளிர்ச்சி. ஓசோன் சிதைவும் மேலடுக்கைக் குளிரச் செய்தது உண்மைதான். ஆனால் ஓசோன் அதிகம் இல்லாத உயரங்களிலும் குளிர்ச்சி காணப்படுகிறது. மனாபே 2021-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வான்வெளிக்குத் தப்பிச்செல்லும் கதிர்களை 1970-இலும் 1997-இலும் அளந்த இரு செயற்கைக்கோள்களின் பதிவுகளை ஒப்பிட்டபோது, கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் உறிஞ்சும் அலைநீளங்களிலேயே வெளியேறும் கதிர் குறைந்திருந்தது தெரியவந்தது. பெயரை எழுதிவைத்துவிட்டுப் போன குற்றவாளியை இதைவிடத் தெளிவாக எப்படிப் பிடிப்பது?

முன்பும் மாறியிருக்கிறதே என்ற வாதத்துக்கு இப்போது வருகிறேன். அந்த முந்தைய மாற்றங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பனிக்கட்டிக்குள் எழுதியிருக்கிறது. அண்டார்க்டிகாவில் ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காக அமுங்கி, பல பத்து மீட்டர் ஆழத்தில் கட்டியாக இறுகும்போது, இடையில் இருந்த காற்று குமிழ்களாகச் சிறைப்பட்டுவிடுகிறது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளைத்து எடுத்த தண்டுகளை ஆய்வகத்தில் வெற்றிடத்துக்குள் நொறுக்கினால், மனித இனம் வேளாண்மையே அறியாத காலத்துக் காற்று வெளியே வரும். டோம் சி என்ற இடத்தில் எடுத்த தண்டு 8,00,000 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் செல்கிறது. அந்த நெடுங்காலம் முழுவதிலும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 180-க்கும் 300-க்கும் இடையிலேயே ஏறி இறங்கியது. கடைசிப் பனியுகம் முடிந்தபோது அது சுமார் 80 அலகுகள் உயர ஏழாயிரம் ஆண்டுகள் பிடித்தன. கீலிங் அளக்கத் தொடங்கியபின் எழுபது ஆண்டுகளுக்குள் 100 அலகுகளுக்கு மேல் உயர்ந்துவிட்டது.

அந்தத் தண்டுகளில் வெப்பநிலை முதலிலும் வாயு பின்னாலும் உயர்ந்ததாகத் தெரிகிறதே என்பது அடிக்கடி எழும் மறுப்பு. அதற்கு விளக்கம் உண்டு. சுற்றுப்பாதை மாற்றம் தொடக்க வெப்பத்தைத் தந்தது. சூடான கடல் வாயுவை வெளிவிட்டது. அந்த வாயு வெப்பத்தைப் பன்மடங்காக்கி உலகம் முழுவதும் பரப்பியது. வாயு சில வேளைகளில் விளைவாகவும் சில வேளைகளில் காரணமாகவும் இருக்க முடியும். இன்று தொடக்கத் தூண்டுதலே வாயுவாக இருக்கிறது. பழைய மாற்றங்கள் ஆறுதல் தருபவையும் அல்ல. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவு கார்பன் காற்றில் கலந்து, உலகம் ஐந்து டிகிரிக்கும் மேல் சூடானது. அந்த வெளியேற்றம் சில ஆயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. ஆழ்கடல் நுண்ணுயிர் இனங்கள் பல அழிந்தன. பழைய நிலை திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. காலநிலை முன்பும் மாறியது என்பது, தூண்டினால் அது எவ்வளவு பெரிதாக மாறக்கூடியது என்பதையே நமக்குச் சொல்கிறது.

வெப்பநிலைப் பதிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டு, 1850–1900 காலச் சராசரியைவிட 1.1 டிகிரி அதிக வெப்பமாக இருந்தது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024, அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமான ஆண்டு. அவ்வாண்டின் உயர்வு சுமார் 1.55 டிகிரி. நகரங்களின் சூடு கணக்கைக் கெடுக்கிறது என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் நகரங்களே இல்லாத கடலும் சூடாகியிருக்கிறது. கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அங்கேதான் சென்று சேர்கிறது. 2,000 மீட்டர் ஆழம்வரை மூழ்கி எழும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் இதை இடைவிடாமல் அளக்கின்றன. இந்தப் பதிவுகளை ஐயுற்று, புதிதாகக் கணக்கிடப் புறப்பட்ட இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், 2012-இல் உயர்வு உண்மையே, காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதரே என்று வெளிப்படையாக அறிவித்தார். 1940-களிலிருந்து 1970-கள் வரை வெப்பம் ஏறாமல் நின்றதற்கும் காரணம் உண்டு: எரிபொருளோடு சேர்ந்து வெளியான கந்தகத் துகள்கள் வெயிலைத் திருப்பியனுப்பி, வெப்ப உயர்வின் ஒரு பகுதியை மறைத்தன.

விளைவுகளில் முதலில் தண்ணீரைப் பேசவேண்டும். பெரும்பாலான மக்களுக்குக் காலநிலை மாற்றம் தண்ணீரின் வழியாகவே வந்து சேரும். ஒரு டிகிரி சூடானால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த ஈரப்பதம் ஒருங்கே இறங்கும்போது மழை முன்பைவிடக் கடுமையாகப் பெய்கிறது. அதே காற்று, மழையில்லாத நாட்களில் மண்ணிலும் இலையிலும் உள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. ஒரே நிலப்பகுதி வெள்ளத்தாலும் வறட்சியாலும் அடுத்தடுத்து வாடுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. நீராவியே ஒரு பசுமைஇல்ல வாயு என்பதால், அது கூடுவது வெப்பத்தை மேலும் ஏற்றிவிடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்தது வெப்பம் நேரடியாக உடலைத் தாக்குவது. முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம் இன்று அதே காலத்தில் ஏறக்குறைய மூன்று முறை வருகிறது என்று 2021-இல் வெளியான, காலநிலை அறிவியலைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை மதிப்பிட்டது. வறண்ட வெப்பத்தில் வியர்வை ஆவியாகி உடலைக் காக்கும். ஈரப்பதமும் சேர்ந்துகொண்டால் வியர்வை ஆவியாவதில்லை. உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற வழியின்றி உள்ளேயே சேர்த்துக்கொள்ளும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டும் நிலையில், நிழலில் அமர்ந்திருக்கும் நலமான இளைஞராலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. முதியவர்களுக்கும் வெளியில் உழைப்பவர்களுக்கும் அந்த எல்லை இன்னும் கீழே இருக்கிறது. 2003-இல் ஐரோப்பாவில் வீசிய வெப்ப அலையில் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வசதியும் மருத்துவமனைகளும் நிறைந்த நாடுகளிலேயே இது நடந்தது. உலகை இந்த அளவுக்குச் சூடாக்கியதில் மிகக் குறைந்த பங்குள்ளவர்கள்தான் வெயிலில் நின்று உழைத்து இதன் விலையைக் கொடுக்கிறார்கள் என்பது என்னைப் பொறுத்தவரை இந்தப் பிரச்சினையின் மிகப் பெரிய அநீதி.

எல்லாப் பேரிடர்களையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவதும் சரியல்ல. நிலநடுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெப்பமண்டலப் புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடியிருப்பதாக உறுதியாகச் சொல்ல இடமில்லை. ஆனால் அவற்றில் கடும்புயல்களின் பங்கு கூடியிருக்கிறது, அவை கொட்டும் மழையும் அதிகமாகியிருக்கிறது. சான்று எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே இல்லை என்று பிரித்துச் சொல்வதே ஐயப்படுபவருக்கு நாம் செலுத்தும் மரியாதை.

கடலில் மூன்று மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சூடாகும் நீர் விரிவதாலும் பனி உருகுவதாலும் மட்டம் உயர்கிறது. 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அக்காலத்தின் தொடக்கப் பகுதியில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம் 2006–2018-இல் 3.7 ஆகிவிட்டது. காற்றிலிருந்து கரையும் கார்பன் டை ஆக்சைடு நீரின் அமிலத்தன்மையை முப்பது விழுக்காடு அளவுக்கு உயர்த்தியிருக்கிறது. சிப்பிகளும் பவளங்களும் ஓடு கட்டுவது அதனால் கடினமாகிறது. வெப்பம் தாங்காத பவளங்கள் தம்முள் வாழ்ந்து உணவளிக்கும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகின்றன. வெப்ப உயர்வு 1.5 டிகிரியில் நின்றாலும் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு வரை அழியும் என்றும், 2 டிகிரியில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது என்றும் மதிப்பிடப்பட்டிருக்கிறது. கடல் உயிரினங்களில் சுமார் நான்கில் ஒரு பங்கு ஏதேனும் ஒரு பருவத்தில் அவற்றைச் சார்ந்து வாழ்பவை.

இனி எதுவரை போகும் என்ற கடைசிக் கேள்வி. இதற்கு வியக்கத்தக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. வெப்ப உயர்வு, இதுவரை வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடின் மொத்த அளவுக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கிறது: ஒவ்வொரு லட்சம் கோடி டன்னுக்கும் சுமார் 0.45 டிகிரி. 1850 முதல் 2019 வரை மனிதர் வெளியிட்டது சுமார் 2.4 லட்சம் கோடி டன். பெருக்கிப் பார்த்தால் 1.1 டிகிரிக்கு மிக அருகில் வரும். இப்போதைய வேகத்தில் அடுத்த லட்சம் கோடி டன்னைச் சேர்க்க ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் போதும். 2015-இன் பாரிஸ் உடன்படிக்கை, உயர்வை 2 டிகிரிக்கு வெகுவாகக் கீழே நிறுத்தவும், 1.5 டிகிரிக்குள் அடக்க முயலவும் இலக்கு வகுத்திருக்கிறது. நூற்றாண்டு இறுதியில் எத்தனை டிகிரி என்பதில் கணிப்புகள் ஒன்றரைக்கும் நான்கரைக்கும் இடையே விரிந்து கிடப்பதற்கு முதன்மையான காரணம், நாம் இனி எவ்வளவு எரிக்கப்போகிறோம் என்பதே.

இந்த நேர்விகிதத்துக்கு மறுபக்கமும் உண்டு. நிகர வெளியீடு சுழியை எட்டினால், அதாவது நாம் வெளியிடும் அளவும் காற்றிலிருந்து நீக்கும் அளவும் சமமானால், உலகச் சராசரி வெப்பநிலை சில ஆண்டுகளுக்குள் ஏறுவதை நிறுத்திவிடும் என்றே இன்றைய கணிப்புகள் காட்டுகின்றன. காலம் கடந்துவிட்டது, இனி எதைச் செய்தும் பயனில்லை என்ற பேச்சுக்கு அறிவியலில் ஆதரவு இல்லை. மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டுகள் அளவுக்கே தங்குவதால், அதைக் குறைப்பதன் பலன் நம் காலத்திலேயே தெரியும். கடல்மட்டம் மட்டும் இதற்கு உட்படாது. ஆழ்கடலும் பனிப்படலங்களும் மெதுவாகச் சூடாகுபவை. வெப்பம் நின்ற பிறகும் பல நூற்றாண்டுகளுக்கு அவை தொடர்ந்து எதிர்வினையாற்றும். சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் தொழிற்புரட்சிக் காலத்தைவிட ஏறத்தாழ அரை முதல் ஒன்றரை டிகிரி வரை சூடாக இருந்தபோது, கடல் இன்றிருப்பதைவிட 5 முதல் 10 மீட்டர் வரை உயரத்தில் இருந்தது. அந்த வெப்ப எல்லைக்குள் நாம் ஏற்கனவே நுழைந்துவிட்டோம். ஆயினும் அந்த உயர்வு எத்தனை நூற்றாண்டுகளில் வந்து சேரும், கரையோரத்தில் வாழும் கோடிக்கணக்கானோருக்கு இடம்பெயரவும் ஏற்பாடுகள் செய்துகொள்ளவும் எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதை, வரும் சில பத்தாண்டுகளில் எரிக்கப்படும் எரிபொருளின் அளவே பெரிதும் முடிவு செய்யும்.